யாரைத் தேடுவது, எங்கே தேடுவது: வடலூர் வட்டாரமும் நாள்பட்ட சிறுநீரக நோயும்

கிரியேட்டினின் 1.1 என்று அச்சிட்ட இரண்டு பரிசோதனைச் சீட்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று இருபத்தைந்து வயது இளைஞனுடையது. மற்றது அறுபது வயதுப் பெண்ணுடையது. பல பரிசோதனைக் கூடங்களின் சீட்டில் இருவருக்கும் ஒரே 'நார்மல்' வரம்புதான் அச்சாகியிருக்கும். இருவரும் அதற்குள் அடங்கிவிடுவதால் "ஒண்ணும் இல்ல, போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் அதே 1.1ஐப் போட்டால் கதை மாறுகிறது. இளைஞனின் சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு 95 மில்லி அளவுக்கு ரத்தத்தை வடிகட்டுகின்றன. அந்தப் பெண்ணுடையவை 60ஐக்கூடத் தொடவில்லை, 57 அல்லது 58தான். அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய் என்பதே உலகம் ஒப்புக்கொண்ட வரையறை. 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெண் நோயாளியாக இருக்கலாம். அவருக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது.

சிறுநீரகம் தன் கஷ்டத்தை வெளியே காட்டாத உறுப்பு. பாதிக்கு மேல் வேலை போன பிறகுதான் கிரியேட்டினின் சீட்டின் வரம்பைத் தாண்டும். கால் வீக்கம், குமட்டல், உடம்பெல்லாம் அரிப்பு, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குவது என்று ஆள் உணரத் தொடங்கும்போது பெரும்பாலும் நான்காம் நிலையோ ஐந்தாம் நிலையோ ஆகியிருக்கும். "உப்பு ஏறிடுச்சு" என்று குடும்பம் கேள்விப்படுவதும், டயாலிசிஸ் என்ற பேச்சு எழுவதும் பல வீடுகளில் ஒரே வாரத்தில் நடக்கின்றன. நோயாளி தானாக வரும்வரை காத்திருந்தால் நாம் சந்திப்பது நோயின் கடைசிக் கட்டத்தை மட்டுமே. முன்கூட்டியே யாரைத் தேடுவது என்ற கேள்விதான் இந்த நோயில் முதன்மையானது.

இதற்குப் பாடப்புத்தகத்தில் தெளிவான விடை இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், இதய நோயாளிகள், அறுபது வயதைக் கடந்தவர்கள், குடும்பத்தில் சிறுநீரகம் செயலிழந்தவர் இருப்போர், கல் அடைப்போ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்கள் ஆகியோரைத் தேடு என்கிறது அது. இந்தப் பட்டியல் தப்பில்லை. சென்னையிலோ கோவையிலோ இதை வைத்தே பெரும்பாலானவர்களைப் பிடித்துவிடலாம். வடலூர் போன்ற ஊரைச் சுற்றி மட்டும் இதை நம்பினால் பாதி வலை கிழிந்திருக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

வட்டாரத்தை ஒரு சுற்று பார்ப்போம். மேற்கே நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கங்கள். வடக்கே பண்ருட்டியின் முந்திரியும் பலாவும். கிழக்கே குறிஞ்சிப்பாடி நெல் வயல்கள். தெற்கே சேத்தியாத்தோப்பு பக்கம் கரும்பும், வீராணம் பாய்கிற நெல்லும். வெயிலில் நின்று உடம்பால் உழைப்பவர்கள் இங்கே ஏராளம். இவர்களில் பலருக்கு சர்க்கரை கிடையாது, பிரஷரும் கிடையாது. ஒல்லியான, உழைத்து முறுக்கேறிய உடம்புகள். பட்டியலை வைத்துப் பார்த்தால் ஆபத்தே இல்லாதவர்கள்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வடதமிழகத்தின் கடலோர மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் போவது தலைமுறைப் பழக்கம். அங்கே சிறுநீரகப் பிரிவுக்கு வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாள்பட்ட நோயாளிகளை மருத்துவர் ஸ்ரீஜித் பரமேஸ்வரன் குழுவினர் ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரை, இந்தப் பகுதியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிக முக்கியமானது. வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. சர்க்கரையால் வந்ததில்லை, கொதிப்பால் வந்ததில்லை. விவசாயக் கூலிகளும் வெளியிடத்தில் உடலுழைப்பு செய்பவர்களும் இவர்களில் அதிகம். சிறுநீரில் புரதம் மிகக் குறைவாக இருந்தது, சிலருக்கு இல்லவே இல்லை. ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதல். திசுவை எடுத்துப் பார்த்தபோது, வடிகட்டும் முடிச்சுகளைவிட நுண்குழாய்களும் அவற்றைச் சுற்றிய பகுதியும்தான் கெட்டிருந்தன. ஆய்வாளர்கள் இதற்குத் 'தொண்டைமண்டல சிறுநீரக நோய்' என்று பெயரிட்டார்கள்.

ஒரு பெரிய மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து ஊர் நிலவரத்தை எடைபோட முடியாது என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. முற்றியவர்கள்தான் அங்கே போவார்கள். அதற்கு விடை தந்தது சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறை முன்னின்று நடத்திய ஆய்வு. 2023இல் தமிழ்நாட்டின் பல வேளாண் மண்டலங்களில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களை அவர்களது கிராமங்களிலேயே பரிசோதித்தார்கள். முதல் முறை பார்த்தபோது ஆறு பேரில் ஒருவர் என்ற அளவுக்குச் சிறுநீரகக் குறை தெரிந்தது. மூன்று மாதம் கழித்து அவர்களை மறுபடி பரிசோதித்தபோது, நாள்பட்ட நோய் என்று உறுதியானவர்கள் ஏறத்தாழ இருபது பேரில் ஒருவர். அவர்களிலும் சுமார் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, கொதிப்பும் இல்லை.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்டது இரண்டு பரிசோதனைகளுக்கும் நடுவே உள்ள அந்த வித்தியாசம். ஆறில் ஒன்று இருபதில் ஒன்றாகக் குறைந்ததற்கு என்ன அர்த்தம்? முதல் நாள் குறைந்திருந்த பலருக்குச் சிறுநீரகம் மீண்டும் எழுந்துகொண்டது. உடல் வற்றி, சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்து, ஓய்வும் தண்ணீரும் கிடைத்ததும் தேறியிருக்கிறார்கள். ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்து முடிவு கட்டுபவர் இவர்கள் எல்லோரையும் நோயாளி என்று பயமுறுத்துவார். மறுபக்கம், "சரியாயிடுச்சு" என்று இவர்களைக் கைவிடுவதும் தவறு. ஒவ்வொரு கோடையிலும் இப்படி விழுந்து எழுகிற சிறுநீரகம் எத்தனை கோடை தாங்கும்? ஆபத்தில் உள்ளவர் யார் என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த விழுந்து எழுந்தவர்களைத்தான்.

வெயில் எப்படிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது ஓரளவு விளங்கியிருக்கிறது. வியர்வையாய் நீர் போகிறது. ரத்தம் தோலுக்கும் தசைக்கும் திரும்பி, சிறுநீரகத்துக்குப் போவது குறைகிறது. கடும் உழைப்பில் தசை நைந்து அதன் கழிவும் யூரிக் அமிலமும் சிறுநீரகத்தில் சேர்கின்றன. நாள்தோறும் ஒரு சின்ன அடி. அதன்மேல் இன்னொரு அடியாக வருகிறது வலி மாத்திரை. நடவு முடிந்த சாயங்காலம் இடுப்பு வலிக்கு மெடிக்கல் கடையில் போய் "செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டால், சிறு காகித உறையில் மூன்று நாலு மாத்திரை போட்டுத் தருவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது, எழுதிய சீட்டும் கிடையாது. பெரும்பாலும் டைக்ளோபினாக் வகை ஒன்று இருக்கும். வற்றிப்போன உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகிற கொஞ்ச ரத்தத்தையும் குறைப்பது அந்த வகை மருந்து. ஆபத்தைக் கண்டறியும் கேள்வித்தாளில் "சர்க்கரை உண்டா" என்பதற்கு அடுத்த கேள்வி "வாரத்துக்கு எத்தனை நாள் உடம்புவலி மாத்திரை போடுவீங்க" என்பதாக இருக்க வேண்டும்.

பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று. களை எடுக்கப் போகிறவர்கள் காலையில் வீட்டில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வயலில் ஒதுங்க இடமில்லை. குடித்தால் போக வேண்டும், போக மறைவில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளங்களில் ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வுகள் இதைப் பதிவு செய்திருக்கின்றன. உப்பளத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வெப்ப வரம்பை மீறிய சூட்டில் வேலை செய்கிறார்கள் என்பதையும், அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் அவை காட்டின. கழிப்பறை இல்லாமை சிறுநீரக நோய்க்கு ஓர் ஆபத்துக் காரணி என்று எந்த மருத்துவப் பட்டியலிலும் அச்சாகவில்லை. நம்மூர்ப் பட்டியலில் அச்சாக வேண்டும்.

வெப்பம் ஒன்றே முழுக் காரணம் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. பூச்சிமருந்து, நிலத்தடி நீரில் உள்ள உலோகங்கள், சிலிக்காத் தூசி என்று பல ஐயங்கள் ஆய்வில் இருக்கின்றன. நம் பகுதியிலும் "தண்ணி சரியில்ல" என்பதுதான் முதலில் வரும் பேச்சு. எல்சல்வடோரிலும் நிகரகுவாவிலும் கரும்பு வெட்டுபவர்களை இதே போன்ற நோய் தாக்குவது இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே எழுதப்பட்டு வருகிறது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரத்தைச் சுற்றிய நெல் விவசாயிகளிடம் 1990களிலேயே தெரியவந்தது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியும் அப்படியே. அங்கே தென்னையும் முந்திரியும்தான் பிரதானம் என்பது பண்ருட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. உத்தானத்துக்காக ஆந்திர அரசு பலாசாவில் 200 படுக்கை மருத்துவமனையும் ஆராய்ச்சி மையமும் கட்டி 2023 டிசம்பரில் திறந்தது. பல நூறு கோடி ரூபாய் குடிநீர்த் திட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது. ஒரு தலைமுறை நோயுற்ற பிறகு வந்த ஏற்பாடு அது. காரணம் முழுதாக விளங்கும்வரை காத்திருக்க நமக்கு அவசியமில்லை. யாரைத் தாக்குகிறது என்பது தெரிகிறது. தேடுவதற்கு அது போதும்.

எப்படித் தேடுவது என்பதில் தமிழ்நாட்டுக்கு நல்ல முன்னோடி உண்டு. மருத்துவர் எம்.கே. மணி சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர். ஊரில் எல்லோருக்கும் டயாலிசிஸ் கொடுக்கப் பணமும் இல்லை, எந்திரமும் இல்லை என்பதைக் கண்கூடாகக் கண்டவர். 1990களின் பிற்பகுதியில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னைக்கு அருகேயுள்ள கிராமங்களில் அவர் தொடங்கிய வேலை மிக எளிமையானது. ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார். அவர்கள் சில கேள்விகள் கேட்டார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரில் சல்போசாலிசிலிக் அமிலம் விட்டுப் புரதத்தையும் பெனடிக்ட் கரைசல் கொண்டு சர்க்கரையையும் கண்டார்கள். குறை தெரிந்தவர்களை மருத்துவர் பார்த்து, இருப்பதிலேயே மலிவான மாத்திரைகளைக் கொடுத்தார். ஆளுக்கு ஆண்டுச் செலவு சுமார் 27 அமெரிக்க செண்ட். திட்டம் நடந்த ஊர்களில் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களின் விகிதம், நடக்காத ஊர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. பெரிய எந்திரம் எதுவும் இல்லாமல், படித்த கிராமத்துப் பெண் ஒருத்தி வருடா வருடம் வாசலுக்கு வருவதால் மட்டுமே இது நடந்தது.

மணியின் வலை சர்க்கரையையும் கொதிப்பையும் நோக்கிப் பின்னப்பட்டது. அன்று அது சரியான முடிவு. ஆனால் ஜிப்மர் விவரித்த நோயாளியிடம் சிறுநீரில் புரதம் அநேகமாக இல்லை, பிரஷரும் ஏறவில்லை. அவர் இந்த வலையின் கண்ணி வழியே நழுவிவிடுவார். 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்' ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வருபவர்களின் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் புரதம் பார்க்கிறது. சர்க்கரை நோயாளிகளைப் பொறுத்தவரை அது அருமையான ஏற்பாடு. நிமிடத்தில் முடியும், செலவும் சொற்பம். கூலித் தொழிலாளிக்கு அது மட்டும் போதாது. பட்டையில் நிறம் மாறவில்லை என்றால் "நல்லாருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். அந்த ஆறுதல் பொய்யாகிவிடக் கூடும். வயலிலும் சுரங்கத்திலும் உப்பளத்திலும் சூளையிலும் வேலை செய்பவருக்குச் சிறுநீரோடு ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். தொழிலே அவருடைய ஆபத்துக் காரணி.

கிரியேட்டினின் பார்ப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. எண்ணை மட்டும் கொடுக்கக் கூடாது. வயது, பாலினத்தோடு கணக்கிட்ட வடிகட்டும் திறனையும் சீட்டிலேயே அச்சிட வேண்டும். கணினி உள்ள எந்தக் கூடமும் இதை ஒரு வரியில் சேர்த்துவிடலாம். இன்றே செய்யக்கூடிய, செலவில்லாத சீர்திருத்தம் இதுதான். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது என்பதால், மெலிந்துபோன மூதாட்டிக்கு எண் குறைவாகவே காட்டும், சூத்திரமும் ஏமாறும். நம்மவர்களுக்கு இந்தச் சூத்திரங்கள் வடிகட்டும் திறனைக் கூட்டிக் காட்டுகின்றன என்பதை இந்திய ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. ஐயம் எழும் இடத்தில் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பரிசோதனை உண்டு. அது பெரிய மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். ரத்தத்தைக் காலையில், வேலைக்குப் போகுமுன் எடுக்க வேண்டும். மத்தியானம் வயலிலிருந்து வந்தவரிடம் எடுத்தால் அன்றைய வெயிலைத்தான் அளப்போம்.

கண்டறிந்த பின் யாரை முதலில் பெரிய மருத்துவரிடம் அனுப்புவது என்பதற்குக் கனடாவின் நவ்தீப் தங்ரி குழு 2011இல் ஒரு கணக்கு தந்தது. வயது, பாலினம், வடிகட்டும் திறன், சிறுநீர் ஆல்புமின் ஆகிய நான்கையும் சேர்த்தால் இரண்டு ஆண்டிலோ ஐந்து ஆண்டிலோ சிறுநீரகம் செயலிழக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று சொல்லும். ஐந்தாண்டு ஆபத்து 3 முதல் 5 விழுக்காட்டை எட்டினால் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பலாம் என்கிறது 2024ஆம் ஆண்டு உலக வழிகாட்டி நெறி. கடலூர் மாவட்டம் முழுவதற்கும் விரல்விட்டு எண்ணுமளவுக்கே சிறப்பு மருத்துவர்கள் இருக்கும்போது இப்படி வரிசைப்படுத்துவது அவசியம். ஆனால் இந்தக் கணக்கும் ஆல்புமினைப் பெரிதாக நம்புகிறது. ஆல்புமின் குறைவான நம் வயல் நோயாளியின் ஆபத்தை அது குறைத்துச் சொல்லிவிடலாம். அவருக்கு மட்டும் வடிகட்டும் திறன் ஆண்டுக்கு எவ்வளவு சரிகிறது என்பதையே அளவுகோலாகக் கொள்வது மேல்.

இனி, எங்கே தேடுவது. புதிதாக முகாம் போட வேண்டியதில்லை. பட்டியல்கள் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. வயிற்று வழி டயாலிசிஸ் பைகளைக்கூட வீட்டில் கொண்டுபோய்த் தருகிறது. கடைசி நிலை நோயாளியின் வாசலை எட்டிய அதே தன்னார்வலர் பெண், பக்கத்து வீட்டு நாற்று நடுபவரின் பெயரையும் குறித்துக்கொள்ள முடியும். கர்ப்பிணிகளின் பதிவில் பேறுகாலத்தில் கொதிப்பு ஏறி, சிறுநீரில் புரதம் போனவர்கள் யார் என்று இருக்கிறது. குழந்தை பிறந்ததும் அவர்களை மறந்துவிடுகிறோம். பிற்காலத்தில் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவரைவிட அதிகம். பாம்புக்கடி 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அறிவிக்கை செய்யவேண்டிய நோய். கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீர் நின்று, டயாலிசிஸ் செய்து பிழைத்து வீடு திரும்புபவர்கள் நெல் வயலிலும் முந்திரித் தோப்பிலும் உண்டு. "பொழச்சிட்டான்" என்ற நிம்மதியோடு கதை முடிந்துவிடுகிறது. அவர் ஆயுள் முழுக்கப் பட்டியலில் இருக்க வேண்டியவர். எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் அடிபட்டவரும் அப்படியே. டயாலிசிஸ் மேசையில் படுத்திருப்பவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளைக் கூப்பிட்டுப் பரிசோதிப்பது எல்லாவற்றிலும் எளிது. அவர்கள் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

வடலூர் என்றதும் தைப்பூசம் நினைவுக்கு வரும். லட்சக்கணக்கில் கூட்டம் கூடுகிறதே, அங்கே ஒரு பரிசோதனை முகாம் வைக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜோதி தரிசனம் முடிந்து அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். மூன்று மாதம் கழித்து யாரை எங்கே போய்ப் பிடிப்பது? சிறுநீரக நோயில் ஒருமுறை பரிசோதனை என்பது அரைப் பரிசோதனை. அதற்குப் பதில் 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலைக்குத் தினமும் சாப்பிட வரும் முதியவர்களையும் ஆதரவற்றவர்களையும் பார்க்கலாம். அடுத்த மாதமும் அதே பந்தியில் உட்காருகிறவர்கள் அவர்கள். தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

தொடர்ந்து பார்ப்பதற்குப் பொருள் இல்லாமலில்லை. எனாலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற பழைய மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கும். டாப்பாகிளிப்ளோசின் சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிக்கும் நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்று 2020இல் வெளியான பெரும் பரிசோதனை காட்டியது. காப்புரிமை முடிந்து இந்தியாவில் விலை குறைந்துவிட்டது. இருந்தாலும் வயலில் வற்றி நிற்கும் உடம்புக்கு நீரை மேலும் இறக்கும் மருந்தைக் கொடுப்பதில் மருத்துவர் நிதானிக்க வேண்டும். நுண்குழாய் கெட்ட நோயில் இந்த மருந்துகள் எவ்வளவு உதவும் என்பதும் இன்னும் முடிவாகவில்லை. அங்கே முதல் சிகிச்சை வேலையிடத்தில்தான். நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு மூன்றையும் முறைப்படுத்தியபோது, அறுவடைப் பருவத்தில் சிறுநீரகம் அடிபடுவது குறைந்தது. நிழலும் குடிநீரும் நூறு நாள் வேலைத் திட்டத்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டவை. வெப்ப அலையைத் தமிழ்நாடு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. கரும்பு வெட்டுக்கும் சுரங்க ஒப்பந்த வேலைக்கும் அந்த நிழலும் தண்ணீரும் ஓய்வும் வந்தாக வேண்டும்.

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் இதைத் தொடங்க ஏற்ற மாதம் மாசி. சம்பா அறுவடையின் மும்முரம் தணிந்து, வெயில் இன்னும் ஏறாத நேரம். அப்போது ஊர்தோறும் கூலி வேலைக்குப் போகும் ஆண் பெண் எல்லோருக்கும் காலையில் ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் எடுக்கலாம். வைகாசியில் அதே ஆட்களிடம் மறுபடி எடுக்க வேண்டும். இரண்டிலும் குறைந்தவர் நோயாளி. அவரைக் கடலூருக்கோ சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ ஜிப்மருக்கோ அனுப்ப வேண்டும். மாசியில் நன்றாயிருந்து வைகாசியில் மட்டும் குறைந்தவர் வெயில் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள். அவருக்கு மாத்திரை வேண்டாம், நிழலும் தண்ணீரும் வேண்டும், செட் மாத்திரை நிற்க வேண்டும், ஆவணியில் மூன்றாவது முறை ரத்தம் பார்க்க வேண்டும்.